சாஃப்ட்வேர் போட்டதிலிருந்து கம்ப்யூட்டர் ஏறவில்லையா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக ஏதோ ஒன்றை இன்ஸ்டால் செய்தேன், அதிலிருந்து விண்டோஸ் உள்ளேயே போக மாட்டேன் என்கிறது. இந்தப் புலம்பலை எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். அவர்களில் பலர் அதற்குள் யாரோ ஒருவர் "ஃபார்மட் போட்டால்தான் சரியாகும்" என்று சொல்லிவிட, பயந்துபோய் வருகிறவர்கள். பெரும்பாலும் ஃபார்மட் தேவைப்படாது என்பதால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் பேச்சிலேயே வைத்திருக்கிறேன். விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னதை வைத்துப் போகும் என்பதால் முடிந்தால் வரிசையாகப் படியுங்கள்.

ஒரு சாஃப்ட்வேர் போட்டேன், ரீஸ்டார்ட் கேட்டுச்சு, கொடுத்தேன். இப்ப லோகோ வருது, சுத்துது, நீல ஸ்கிரீன் வருது, மறுபடியும் லோகோ. என் ஃபைல் எல்லாம் போச்சா?

போகவில்லை. விண்டோஸ் ஏறாமல் நிற்பது வேறு, டிஸ்கில் இருக்கும் உங்கள் ஃபைல்கள் அழிவது வேறு. ஏறும் வழியில் ஏதோ ஒன்று தடுக்கிறது, அவ்வளவுதான். போட்டோ, கணக்கு, பிள்ளைகளின் ப்ராஜெக்ட் எல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. அவசரப்பட்டு யாராவது ஃபார்மட் போடும்போதுதான் அவை உண்மையில் போகின்றன. அதனால் கம்ப்யூட்டரை யாரிடம் கொடுத்தாலும் "டேட்டா வேண்டும், என்னைக் கேட்காமல் ஃபார்மட் போடாதீர்கள்" என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு சின்ன சாஃப்ட்வேர் எப்படிங்க மொத்த கம்ப்யூட்டரையே படுக்க வைக்கும்?

எல்லா சாஃப்ட்வேரும் அப்படிச் செய்யாது. ஒரு பிரவுசரோ பாட்டுக் கேட்கும் ஆப்போ கிராஷ் ஆனால் அது மட்டும் மூடிக்கொள்ளும், விண்டோஸ் பாட்டுக்கு ஓடும். ஆனால் சில சாஃப்ட்வேர்கள் தங்களோடு ஒரு டிரைவரையும் (விண்டோஸோடும் கம்ப்யூட்டரின் பாகங்களோடும் நேரடியாகப் பேசும் நிரல்) கொண்டுவந்து போடும். டிரைவர் ஓடுவது கெர்னலில், அதாவது விண்டோஸின் அடித்தளத்தில். அங்கே ஒரு தவறு நடந்தால் விண்டோஸால் அதை மட்டும் பிரித்து மூட முடியாது. மேலும் சேதம் ஆகாமல் இருக்க மொத்தமாக நின்றுவிடும். அதுதான் நீல ஸ்கிரீன். அந்த டிரைவர் ஒவ்வொரு முறையும் விண்டோஸ் ஏறும்போதே ஏற்றப்படுவதால் ஒவ்வொரு முறையும் அதே இடத்தில் விழுகிறது. ஆன்டிவைரஸ், விபிஎன், கேம்களோடு வரும் ஏமாற்றுத் தடுப்பு சாஃப்ட்வேர், கிராஃபிக்ஸ் டிரைவர், ஃபேன் வேகத்தையும் கலர் லைட்டையும் மாற்றும் சாஃப்ட்வேர், பழைய டாங்கிள் (சில சாஃப்ட்வேர் ஓடுவதற்குச் சாவிபோல் செருகும் யுஎஸ்பி துண்டு) டிரைவர், இல்லாத சிடி டிரைவை இருப்பதுபோல் காட்டும் சாஃப்ட்வேர் என்று சந்தேகப் பட்டியல் பெரும்பாலும் இதற்குள் அடங்கிவிடும்.

இதற்கு உலகமே பார்த்த உதாரணம் 2024 ஜூலை 19. கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு நிறுவனம் தன் ஃபால்கன் சாஃப்ட்வேருக்கு ஒரு சின்ன அப்டேட் ஃபைலை அனுப்பியது. அதைப் படித்த அதன் கெர்னல் டிரைவர் தடுக்கி விழுந்தது, சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்கள் நீல ஸ்கிரீனில் மாட்டிக்கொண்டன. நிறுவனம் ஒன்றேகால் மணி நேரத்தில் அந்த ஃபைலைத் திரும்பப் பெற்றுவிட்டது. ஆனாலும் அதற்குள் அதை வாங்கிவிட்ட கம்ப்யூட்டர்களில் பெரும்பாலானவை தாமாக மீளவில்லை. இந்தியாவிலும் விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். சரிசெய்த விதத்தைக் கவனியுங்கள்: சேஃப் மோடில் (விண்டோஸின் அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும் நிலை) போய், அந்த நிறுவனத்தின் டிரைவர் ஃபோல்டரில் 'சி-00000291' என்று தொடங்கும் ஃபைலை அழித்துவிட்டு ரீஸ்டார்ட். ஃபார்மட் இல்லை. உங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கும் இதே வைத்தியம்தான், தேட வேண்டிய ஃபைல்தான் வேறு.

நீல ஸ்கிரீன் ஒரு செகண்ட்தான் நிக்குது, படிக்கவே முடியல. அதுல என்ன பாக்கணும்?

போனில் வீடியோ எடுத்து நிறுத்திப் பாருங்கள், அதுவே சுலபம். இரண்டு விஷயம் போதும். ஒன்று ஸ்டாப் கோடு, பெரிய எழுத்தில் அடிக்கோடு போட்டு ஒட்டிய சொற்களாக இருக்கும். இன்னொன்று சில சமயம் மட்டும் வரும் 'வாட் ஃபெயில்ட்' என்ற வரி, அதில் ஒரு ஃபைல் பெயர் இருக்கும். அந்தப் பெயர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது. அதை அப்படியே இணையத்தில் தேடினால் எந்த நிறுவனத்தின் டிரைவர் என்று தெரிந்துவிடும். உதாரணமாக 'என்வி' என்று தொடங்கும் 'என்வி-எல்டிடிஎம்கேஎம்' வந்தால் அது என்விடியா கிராஃபிக்ஸ் டிரைவர்.

ஒன்று சொல்ல வேண்டும், அந்த ஃபைல் பெயர் விழுந்த இடத்தைக் காட்டும், தள்ளிவிட்டவரை எப்போதும் காட்டாது. விண்டோஸின் சொந்த ஃபைல் பெயர் வந்தால் விண்டோஸ் கெட்டுவிட்டது என்று முடிவுகட்டாதீர்கள், வேறொரு டிரைவர் நினைவகத்தைக் கெடுத்துவிட்டு இது விழுந்திருக்கலாம். அப்போது கடைசியாக என்ன போட்டோம் என்பதே நம்பகமான தடயம். இன்னொன்று, விண்டோஸ் 11-இன் புதிய பதிப்புகளில் இந்த ஸ்கிரீன் கறுப்பு நிறத்துக்கு மாறிவிட்டது. நிறம்தான் மாறியது, அர்த்தம் மாறவில்லை.

சேஃப் மோடுக்குப் போங்கறாங்க. எஃப்8 அடிச்சு அடிச்சு விரல் வலிக்குது, வரவே மாட்டேங்குது.

வராது. விண்டோஸ் 8-லிருந்தே அந்த வழியை மைக்ரோசாஃப்ட் மூடி வைத்திருக்கிறது. இப்போது வழி இப்படி: லோகோ வந்து வட்டம் சுற்றும்போது பவர் பட்டனைப் பத்து விநாடி அழுத்திப் பிடித்து அணையுங்கள். மறுபடி ஆன் செய்து அதே இடத்தில் மறுபடி அணையுங்கள். மூன்றாவது முறை ஆன் செய்யும்போது, தொடர்ந்து ஏற முடியவில்லை என்று விண்டோஸே புரிந்துகொண்டு ரிப்பேர் திரைக்குப் போகும். ஏற்கனவே தானாகக் கிராஷ் ஆகிக்கொண்டிருந்தால் நீங்கள் அணைக்கக்கூடத் தேவையில்லை, அதுவே அங்கே வந்து நிற்கும்.

அந்தத் திரையில் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், டிரபிள்ஷூட், மறுபடி அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் கண்ணில் படவில்லை என்றால் கீழே சின்ன எழுத்தில் 'சீ மோர் ரிகவரி ஆப்ஷன்ஸ்' என்று இருக்கும், அதைத் தட்டுங்கள், நிறையப் பேர் இங்கேதான் தொலைந்துபோகிறார்கள். ரீஸ்டார்ட் ஆனதும் எண் போட்ட பட்டியல் வரும். 4 அழுத்தினால் சேஃப் மோடு, 5 அழுத்தினால் இன்டர்நெட்டோடு சேஃப் மோடு. அதே பட்டியலில் 9 அழுத்தினால் நீல ஸ்கிரீன் தானாக ரீஸ்டார்ட் ஆகாமல் நின்று காட்டும், மேலே சொன்ன வீடியோ வேலையும் மிச்சம்.

சேஃப் மோடில் உங்கள் நாலு இலக்க பின் வேலை செய்யாமல் போகலாம், பாஸ்வேர்டைத் தயாராக வைத்திருங்கள்.

பிட்லாக்கர் கீ கேக்குது. நான் அப்படி எதையும் வெக்கவே இல்லையே?

நீங்கள் வைக்கவில்லை, விண்டோஸ் வைத்திருக்கும். மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொடுத்து செட்டப் செய்த பல லேப்டாப்களில் டிஸ்க் பூட்டு தானாகவே போடப்படுகிறது. அதன் சாவி 48 இலக்க எண். வேறொரு கம்ப்யூட்டரிலோ போனிலோ அதே மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்து, உங்கள் டிவைஸ்களின் பக்கத்தில் ரிகவரி கீ என்று இருப்பதைப் பாருங்கள். ஒன்றுக்கு மேல் இருந்தால் திரையில் காட்டும் கீ ஐடியின் முதல் எழுத்துகளோடு ஒப்பிட்டு எடுக்க வேண்டும். அலுவலக லேப்டாப் என்றால் ஐடி பிரிவிடம் இருக்கும். கிரவுட்ஸ்ட்ரைக் சம்பவத்தில் ஐடி ஆட்களை ரொம்பவும் வாட்டியது இதுதான், ஃபைலை அழிப்பது எளிது, ஆனால் பூட்டிய ஒவ்வொரு கம்ப்யூட்டரிலும் இந்த 48 எண்ணையும் முதலில் அடிக்க வேண்டியிருந்தது.

சாவி எங்கேயுமே கிடைக்காவிட்டால் அந்த டிஸ்கைத் திறக்க வழி இல்லை. எடுத்துத் தருகிறேன் என்று பணம் கேட்பவரை நம்பாதீர்கள். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது நன்றாக ஓடிக்கொண்டிருந்தால் இதைப் படித்த கையோடு போய் சாவியைத் தாளில் எழுதி வையுங்கள்.

சேஃப் மோடுக்கு வந்துட்டேன். இப்ப என்ன பண்றது?

சேஃப் மோடு கிராஷ் ஆகாமல் நிற்கிறது என்பதே பெரிய செய்தி. விண்டோஸின் அடிப்படை டிரைவர்கள் மட்டும் ஏறும்போது எல்லாம் ஒழுங்காக இருக்கிறது, ஆகவே வெளியிலிருந்து வந்த ஏதோ ஒன்றுதான் குற்றவாளி. செட்டிங்ஸில் ஆப்ஸ் பட்டியலைத் திறந்து, இன்ஸ்டால் தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். சமீபத்தில் வந்தவை மேலே நிற்கும். ஒரு சாஃப்ட்வேர் போட்டதாக நீங்கள் நினைத்திருப்பீர்கள், அதே தேதியில் அதனோடு ஒட்டிக்கொண்டு வேறு இரண்டு வந்திருக்கும். அந்தத் தேதியில் வந்த எல்லாவற்றையும் நீக்குங்கள்.

கிராஃபிக்ஸ் டிரைவர் என்றால் டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டரின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்டீஸில் 'ரோல் பேக் டிரைவர்' இருக்கிறதா பாருங்கள். முந்தைய டிரைவருக்குத் திரும்ப அதுவே போதும். அது மங்கலாக இருந்தால் அன்இன்ஸ்டால் கொடுத்து, டிரைவரையும் அழிக்கச் சொல்லும் பெட்டியில் டிக் போடுங்கள். ஆன்டிவைரஸ் என்றால் சாதாரண அன்இன்ஸ்டாலை விட அந்தந்த நிறுவனம் தரும் தனி நீக்கக் கருவி நல்லது. ஆன்டிவைரஸ்கள் விண்டோஸுக்குள் பல இடங்களில் வேர்விட்டிருக்கும், பாதி நீக்கி பாதி விட்டால் தலைவலி கூடும்.

அன்இன்ஸ்டால் கொடுத்தா விண்டோஸ் இன்ஸ்டாலர் சர்வீஸைத் தொட முடியலன்னு எரர் வருது.

சேஃப் மோடில் அந்த சர்வீஸ் (பின்னணியில் ஓடும் நிரல்) ஓடாது, அதனால் எம்எஸ்ஐ வகையில், அதாவது அந்த சர்வீஸ் மூலம், இன்ஸ்டால் ஆன சாஃப்ட்வேர்களை அங்கிருந்து நீக்க முடியாது. பதறாதீர்கள், இப்போதைக்கு அதை நீக்க வேண்டாம், எழாமல் தடுத்தால் போதும். ரன் பெட்டியில் 'எம்எஸ்கான்ஃபிக்' (msconfig) என்று ஆங்கிலத்தில் அடித்து, சர்வீசஸ் பக்கத்தில் 'ஹைட் ஆல் மைக்ரோசாஃப்ட் சர்வீசஸ்' என்பதை டிக் செய்துவிட்டு, மீதி இருப்பதில் சந்தேகப்பட்டவற்றின் டிக்கை எடுங்கள். டாஸ்க் மேனேஜரின் ஸ்டார்ட்அப் பக்கத்திலும் அதை டிஸேபிள் செய்யுங்கள். பிறகு சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்தால் ஏறிவிடும், அங்கிருந்து நிம்மதியாக அன்இன்ஸ்டால் செய்யலாம். அதே எம்எஸ்கான்ஃபிக்கில் 'சேஃப் பூட்' என்று ஒரு பெட்டி இருக்கும், அதை மட்டும் தொடாதீர்கள். அதில் டிக் போட்டுவிட்டால், அதை எடுக்கும்வரை கம்ப்யூட்டர் சேஃப் மோடிலேயே எழுந்துகொண்டிருக்கும். பாஸ்வேர்டும் மறந்திருந்தால் வெளியே வருவது பெரும்பாடு.

குற்றவாளி டிரைவர் என்றால் எம்எஸ்கான்ஃபிக் காட்டாது. அதற்கு மைக்ரோசாஃப்ட்டே இலவசமாகத் தரும் 'ஆட்டோரன்ஸ்' என்ற கருவி. இன்னொரு கம்ப்யூட்டரில் இறக்கி பென்டிரைவில் கொண்டுவாருங்கள், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறந்து, மைக்ரோசாஃப்ட் வரிகளை மறைத்துவிட்டு, டிரைவர்ஸ் பக்கத்தில் சந்தேகமான ஒன்றின் டிக்கை மட்டும் எடுங்கள். ஒன்றை எடுத்து ரீஸ்டார்ட் செய்து பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். மொத்தமாக எல்லாவற்றையும் எடுத்தால் ஸ்டோரேஜ் டிரைவரும் சேர்ந்து போய் டிஸ்கே தெரியாமல் போகலாம்.

சிஸ்டம் ரீஸ்டோர் பண்ணினா போட்டோ, டாக்குமென்ட் எல்லாம் பழைய தேதிக்குப் போயிடுமா?

போகாது. அது தொடுவது விண்டோஸின் அமைப்பு ஃபைல்கள், ரெஜிஸ்ட்ரி (விண்டோஸின் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் இடம்), டிரைவர்கள், சாஃப்ட்வேர்கள். அந்தத் தேதிக்குப் பிறகு போட்ட சாஃப்ட்வேர் நீங்கும், உங்கள் சொந்த ஃபைல்கள் இருந்தபடி இருக்கும். ரிப்பேர் திரையின் அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸிலேயே இது இருக்கிறது, சேஃப் மோடு வராவிட்டாலும் ஓடும். உண்மையில் ரீஸ்டோர் பாயின்ட் (திரும்பிப் போக முன்பே பதிந்து வைத்த நிலை) இருந்தால் இதைத்தான் முதலில் செய்யச் சொல்வேன்.

'இருந்தால்' என்பதுதான் பிரச்சினை. பல கம்ப்யூட்டர்களில் சிஸ்டம் புரொடெக்ஷன் ஆஃப் ஆகவே இருக்கிறது, திறந்து பார்த்தால் ஒரு தேதிகூட இருக்காது. சரியானதும் முதல் வேலையாக அதை ஆன் செய்யுங்கள்.

நான் எதையுமே போடல. தானா அப்டேட் ஆச்சு, அதுக்கப்புறம்தான் இப்படி.

அதுவும் சாஃப்ட்வேர் போட்டதுதான், நீங்கள் போடவில்லை, விண்டோஸ் போட்டது. அதே அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸில் 'அன்இன்ஸ்டால் அப்டேட்ஸ்' இருக்கிறது. மாதா மாதம் வருவது குவாலிட்டி அப்டேட், பெரிய பதிப்பு மாற்றம் ஃபீச்சர் அப்டேட். முதலில் குவாலிட்டியை நீக்கிப் பாருங்கள். 2018 ஜனவரியில் வந்த பாதுகாப்பு அப்டேட்டால் சில பழைய ஏஎம்டி கம்ப்யூட்டர்கள் ஏறாமல் போய், மைக்ரோசாஃப்ட் அவற்றுக்கு அப்டேட் அனுப்புவதையே சில நாள் நிறுத்தி வைத்தது, அதனால் உங்கள் சந்தேகம் நியாயமானதே. நீக்கிய பிறகு செட்டிங்ஸில் அப்டேட்டைக் கொஞ்ச நாளைக்கு நிறுத்தி வையுங்கள் ('பாஸ் அப்டேட்ஸ்'), இல்லாவிட்டால் அதே அப்டேட் மறுபடி வந்து உட்காரும்.

நீல ஸ்கிரீன்லாம் இல்ல. பாஸ்வேர்டு அடிச்சதும் கறுப்பா நிக்குது, மவுஸ் அம்பு மட்டும் நகருது.

இது வேறு ஜாதி, கொஞ்சம் எளிதானது. கெர்னல் ஒழுங்காக ஏறிவிட்டது, டெஸ்க்டாப்பைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர்தான் எழவில்லை. கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள், டாஸ்க் மேனேஜர் வரும். 'ரன் நியூ டாஸ்க்' கொடுத்து 'எக்ஸ்ப்ளோரர்' (explorer) என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர். டெஸ்க்டாப் வந்துவிட்டால் ஸ்டார்ட்அப் பக்கத்தில் புதிதாக வந்தவற்றை டிஸேபிள் செய்து, பிறகு அன்இன்ஸ்டால். டாஸ்க்பாரையும் ஸ்டார்ட் மெனுவையும் பழைய மாதிரி மாற்றித் தரும் சாஃப்ட்வேர்கள் பெரிய விண்டோஸ் அப்டேட்டுக்குப் பிறகு இப்படிச் செய்வது சகஜம்.

ஷட்டவுன் பண்ணிட்டு ஆன் பண்ணினா கிராஷ், ஆனா ரீஸ்டார்ட் கொடுத்தா ஒழுங்கா வருது. இது எப்படி?

விண்டோஸில் ஷட்டவுன் என்பது முழு ஷட்டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற வசதி கெர்னலையும் டிரைவர்களையும் இருந்த நிலையிலேயே டிஸ்கில் எழுதி வைத்துவிட்டு, அடுத்த முறை அதையே எடுத்து வைக்கிறது. ரீஸ்டார்ட்தான் எல்லாவற்றையும் புதிதாக ஏற்றுகிறது. புதிதாக வந்த டிரைவருக்கு இந்தத் தூங்கி எழும் வேலை ஒத்துவராவிட்டால் நீங்கள் சொல்வது அப்படியே நடக்கும். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ் போய், பவர் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்று கேட்கும் இடத்தில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பின் டிக்கை எடுங்கள். டிக் மங்கலாக இருந்தால் மேலே இருக்கும் 'சேஞ்ச் செட்டிங்ஸ்' வரியை முதலில் தட்ட வேண்டும்.

சேஃப் மோடுலயும் கிராஷ் ஆகுது. இப்ப?

ரிப்பேர் திரையில் 'ஸ்டார்ட்அப் ரிப்பேர்' ஒரு முறை ஓட்டிப் பாருங்கள், இரண்டாம் முறை ஓட்டிப் பயனில்லை. அப்புறம் சிஸ்டம் ரீஸ்டோர். அதுவும் இல்லை என்றால் அதே இடத்தில் இருக்கும் கமாண்ட் ப்ராம்ப்ட். அங்கே ஒரு விஷயம் பலரைக் குழப்புகிறது: உங்கள் சி டிரைவ் அங்கே டி என்றோ வேறு எழுத்திலோ தெரியலாம். விண்டோஸ் ஃபோல்டர் எதில் இருக்கிறது என்று பார்த்துவிட்டே அடுத்த வேலை. நீல ஸ்கிரீனில் டிரைவரின் பெயர் கிடைத்திருந்தால் விண்டோஸ், சிஸ்டம்32, டிரைவர்ஸ் என்று உள்ளே போய் அந்த ஃபைலுக்குப் பெயர் மாற்றுங்கள். அழிக்க வேண்டாம். சில டிரைவர்கள் டிஸ்க், கீபோர்டு டிரைவர்களின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கும், அவை காணாமல் போனால் நிலைமை இன்னும் மோசமாகும், அப்போது பழைய பெயரைத் திருப்பி வைக்க வழி இருக்க வேண்டும்.

இதற்கும் மசியவில்லை என்றால் ஹார்டுவேரைச் சந்தேகிக்க வேண்டிய நேரம். பென்டிரைவிலிருந்து உபுண்டுவை (விண்டோஸுக்குப் பதிலாக ஓடும் இலவச இயங்குதளம்) ஏற்றிப் பாருங்கள். அதுவும் பாதியில் உறைந்தால் ரேமோ வேறு பாகமோ கெட்டிருக்கலாம், சாஃப்ட்வேர் போட்ட அன்றே அது நடந்தது தற்செயல்.

எதையும் தொடறதுக்கு முன்னாடி ஃபைலை மட்டும் எடுத்துக்கணும். முடியுமா?

முடியும், இந்த முன்ஜாக்கிரதை மிகச் சரி. கமாண்ட் ப்ராம்ப்ட்டில் 'நோட்பேட்' என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். நோட்பேட் திறக்கும். ஃபைல், ஓப்பன் கொடுத்து, கீழே ஃபைல் வகையில் 'ஆல் ஃபைல்ஸ்' என்று மாற்றினால் அந்தச் சின்ன ஜன்னலே ஒரு ஃபைல் எக்ஸ்ப்ளோரராக வேலை செய்யும். யூசர்ஸ் ஃபோல்டரில் உங்கள் பெயருக்குள் போய், வேண்டிய ஃபோல்டரை ரைட் கிளிக்கில் காப்பி செய்து பென்டிரைவிலோ வெளி ஹார்டு டிஸ்கிலோ பேஸ்ட் செய்யலாம். எவ்வளவு ஆயிற்று என்று காட்டும் பட்டை வராது, உறைந்ததுபோல் நிற்கும், பொறுமையாக விடுங்கள். நிறைய இருந்தால் உபுண்டு பென்டிரைவ் வசதி. 'டிரை' என்பதை மட்டும் தேர்ந்தெடுங்கள், இன்ஸ்டாலைத் தொடாதீர்கள்.

கடைசில ஃபார்மட்தான் வழியா?

அதற்கு முன்னால் இன்னும் ஒரு படி இருக்கிறது. டிரபிள்ஷூட்டில் 'ரீசெட் திஸ் பிசி', அதில் 'கீப் மை ஃபைல்ஸ்'. சொந்த ஃபைல்கள் நிற்கும், நீங்கள் போட்ட சாஃப்ட்வேர்கள் எல்லாம் போகும், விண்டோஸ் புதிதாக அமரும். டேலி போன்ற கணக்கு சாஃப்ட்வேர் வைத்திருப்பவர்கள் கவனியுங்கள், அதன் டேட்டா டாக்குமென்ட்ஸுக்கு வெளியே தனி ஃபோல்டரில் இருக்கலாம், முந்தைய பதிலில் சொன்னபடி அதைத் தேடி எடுத்து வைத்துவிட்டே ரீசெட் கொடுங்கள்.

எப்படியோ ஒரு முறை உள்ளே ஏற முடிகிறது, ஆனால் விண்டோஸ் தள்ளாடுகிறது என்றால் ரீசெட்டும் வேண்டாம். மைக்ரோசாஃப்ட் தளத்திலிருந்து விண்டோஸ் ஐஎஸ்ஓவை (விண்டோஸை இன்ஸ்டால் செய்யும் முழு ஃபைல்) இறக்கி, உள்ளிருந்தபடியே அதன் செட்டப்பை ஓட்டி, ஃபைல்களையும் ஆப்களையும் வைத்துக்கொள் என்று தேர்ந்தெடுத்தால் சாஃப்ட்வேர்கள் உட்பட எல்லாம் நிற்க, விண்டோஸ் மட்டும் புதுப்பிக்கப்படும். இதற்குச் சாதாரண முறையில் ஏறியிருக்க வேண்டும், சேஃப் மோடில் நடக்காது.

எல்லாம் சரியாயிடுச்சு. ஆனா எனக்கு அந்த சாஃப்ட்வேரே வேணுமே, தொழிலே அதுலதான் ஓடுது.

முதலில் அதே பதிப்பை மறுபடி போடாதீர்கள். தயாரித்த நிறுவனத்தின் தளத்தில் உங்கள் விண்டோஸ் பதிப்புக்கு என்று புதிது இருக்கிறதா பாருங்கள், குறிப்பாக டாங்கிள் சாஃப்ட்வேர்களில் பிரச்சினை செய்வது டாங்கிளின் பழைய டிரைவர்தான், சிடியில் வந்ததை விட்டுவிட்டு புது டிரைவரை மட்டும் போட்டால் பழைய சாஃப்ட்வேரே ஓடிவிடுவதுண்டு. ஏற்கனவே ஒரு ஆன்டிவைரஸ் இருக்கும்போது இன்னொன்றைப் போட்டதால் வந்த கிராஷ் என்றால் ஒன்றை முழுதாக நீக்கிய பிறகே மற்றது. கிராக் செய்த பிரதி என்றால் அதற்கு என்னிடம் வழி இல்லை. அதற்குள் என்ன சேர்த்திருக்கிறார்கள் என்று யாருக்கும் தெரியாது, உங்கள் தொழில் கணக்கை அதை நம்பி வைக்காதீர்கள்.

புதுப் பதிப்பே வராத பழைய சாஃப்ட்வேர் என்றால் விர்ச்சுவல் பாக்ஸ் போன்ற இலவச சாஃப்ட்வேரில் ஒரு விர்ச்சுவல் மெஷின் (கம்ப்யூட்டருக்குள் ஓடும் இன்னொரு கற்பனைக் கம்ப்யூட்டர்) உருவாக்கி, அதற்குள் பழைய விண்டோஸைப் போட்டு, அங்கே இதை ஓட்டுங்கள். அதற்கும் விண்டோஸ் லைசென்ஸ் வேண்டும், ரேம் 8 ஜிபியாவது இருந்தால் நல்லது, யுஎஸ்பி டாங்கிளை உள்ளே கடத்திவிடும் வசதியும் அதில் இருக்கிறது. போடுவதற்கு முன்னால் ஒரு ஸ்னாப்ஷாட் (அந்த மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுத்து வையுங்கள். உள்ளே நீல ஸ்கிரீன் வந்தாலும் அந்த மெஷின் மட்டும் விழும், ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பிவிடலாம்.